கலெக்டர் விடுமுறை விட்டுவிட்டார், பிள்ளைகளை என்ன செய்வது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டதிலிருந்து வந்த கடிதங்களில் பாதி, "நாலு நாளாகப் பள்ளிக்கூடம் இல்லை, வீடு இரண்டாகிறது" என்றே தொடங்குகின்றன. கேள்வியே இல்லாத புலம்பல்களை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்கு எழுதுகிறேன்.

பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து காயா, ஆறு காயா? அம்மா ஐந்து என்கிறார், மாமியார் ஆறு என்கிறார்.
– வாசகி, மன்னார்குடி

இரண்டும் உண்டு. ஐந்தென்றால் 70 காய், ஆறென்றால் 84. யார் வீட்டுத் திண்ணையில் ஆடுகிறீர்களோ அவர் கணக்கு. எந்தக் கணக்கானாலும் காயை எண்ணி எடுங்கள், எண்ணி வையுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு புளியங்கொட்டை குறைந்தாலும் பாயை உதறித் தேடிவிட்டுத்தான் மறுவேலை. மூக்கில் போன கொட்டை ஈரத்தில் ஊறிப் பருக்கும். ஊக்கை வைத்து நோண்டாமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நீங்கள் சொன்னபடி பிள்ளைகளை மழை அளக்க வைத்தேன். எங்கள் கணக்கில் 12 சென்டிமீட்டர், செய்தித்தாளில் 7 என்று போட்டிருக்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

எதில் பிடித்தீர்கள் என்று கடிதத்தின் கடைசி வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள்: வாளி! நேர்ச்சுவர் உள்ள பாத்திரம் என்று போன வருடமே எழுதினேன். வாளிக்கு வாய் அகலம், அடி குறுகல். அகல வாயில் பிடித்த தண்ணீர் குறுகிய அடியில் உயர்ந்துதான் நிற்கும். பிஸ்கட் டப்பா, பழைய எவர்சில்வர் தூக்கு எதுவானாலும் மேலும் கீழும் ஒரே அகலமாக இருந்தால் போதும். கூரைத் தண்ணீர் சொட்டாத இடத்தில் வையுங்கள். காலை 8.30 மணிக்கு ஸ்கேல் விட்டு அளந்து கொட்டிவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு அளக்க வேண்டும். வானிலைத் துறையின் ஒரு நாள் கணக்கும் அதுதான். ஆறரை சென்டிமீட்டர் தாண்டினால் கனமழை. அளப்பது பெரியவர் கண்முன் நடக்கட்டும். ஈர மொட்டை மாடிக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள்.

தாயக்கட்டையில் ஒன்று தொலைந்துவிட்டது. வேறு வழி உண்டா?
– வாசகி, வேதாரண்யம்

ஆறு புளியங்கொட்டை எடுத்து, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்ட் படியில் தேயுங்கள். தோல் போய் வெள்ளை தெரியும்போது நிறுத்துங்கள். இதற்கே ஒரு காலைப்பொழுது போய்விடும். சூடேறிய கொட்டையைத் தம்பியின் முழங்கையில் வைப்பார்கள், ஒரு கண் இருக்கட்டும். உருட்டினால் எத்தனை வெள்ளை மேலே தெரிகிறதோ அத்தனை; ஆறும் கறுப்பாக விழுந்தால் 12. கட்டையில் பதினாறு தடவைக்கு ஒன்று என்று விழும் 12, கொட்டையில் அறுபது தடவைக்கு ஒன்று விழுந்தால் அதிகம். ஆறையும் எண்ணி வையுங்கள்.

என் மகன் மூன்றாம் வகுப்பு. பல்லாங்குழி, ஆடுபுலி, சதுரங்கம் இவற்றில் எதை ஆடினால் கணக்கில் மதிப்பெண் கூடும்? தினமும் எத்தனை நிமிடம் ஆட வேண்டும்?
– வாசகர், மயிலாடுதுறை

மழைக்காலம் வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது, போன மாதம் மட்டும் ஏழெட்டு. ஐயா, உங்கள் பையனுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. அதை நீங்கள் வீட்டிலேயே திறந்து வைக்கப் பார்க்கிறீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் 'பாரம்பரிய விளையாட்டு விழா' என்று அழைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் பல்லாங்குழிப் பலகைகள் வரிசையாக மேசைமேல்! பக்கத்தில் கையில் கடிகாரத்தோடு ஓர் ஆசிரியை. மூன்று நிமிடத்தில் யார் அதிகக் காய் எடுக்கிறார்களோ அவர்களுக்கு 'நினைவாற்றல்' சான்றிதழ். பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. ஒரு சிறுமி ஒரு குழியைத் தவறவிட்டுவிட்டு, விளையாட்டில் தோற்றவளைப் போல இல்லாமல் பரீட்சையில் தோற்றவளைப் போல அழுதாள். பேசச் சொன்னபோது இதைத்தான் பேசினேன். அடுத்த வருடம் அழைக்கவில்லை.

பல்லாங்குழி எப்படி ஆடப்படும் என்று தெரியாதவர்களா நாம்? நாலு காய் சேர்ந்த குழியைப் பார்த்து "பசு!" என்று கத்தி அள்ள வேண்டும். எதிராளி கவனிக்காத நேரத்தில் இரண்டு காய் பாவாடைக்கடியில் போக வேண்டும், அது பிடிபட வேண்டும், சண்டை வர வேண்டும், பாட்டி வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். இதில் கணக்கும் வரும், வராமலும் போகும். எந்தக் குழியில் தொடங்கினால் கடைசிக் காய் எங்கே விழும் என்று பையன் தானாகவே மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பான், ஜெயிக்கும் ஆசையில். "எத்தனை வந்தது, சொல் பார்க்கலாம்" என்று நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்த நிமிடம் அந்த ஆசை போய்விடும், பலகை பரண் ஏறிவிடும். எத்தனை நிமிடம் என்று கேட்டீர்கள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வராத வரைக்கும்.

நீங்கள் உடன் ஆடலாம், ஆனால் ஜெயிக்க முயன்று ஆடுங்கள். வேண்டுமென்றே தோற்கும் அப்பாவைப் பிள்ளைகள் இரண்டாம் ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆடுபுலி ஆட்டத்தில் எப்போதும் புலியே ஜெயிக்கிறது. ஏன்?
– வாசகர், நாகப்பட்டினம்

எத்தனை ஆடு என்று எழுதவில்லையே! 23 முனைக் கட்டத்துக்கு 3 புலி, 15 ஆடு. பத்துப் பன்னிரண்டோடு ஆடினால் புலிக்கு விருந்துதான். பதினைந்தையும் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. ஓரங்களில் தொடங்குங்கள். ஆட்டுக்குப் பின்னால் உள்ள முனை காலியாக இருந்தால்தான் புலி தாண்டும். ஆட்டுக்குக் கொட்டை வைத்தால், முன்பே சொன்னேன், எண்ணிவிடுங்கள்.

மின்சாரம் போன இரவில் சுவரில் மான், நாய் நிழல் காட்டினால் கலங்கலாகவே விழுகிறது.
– வாசகி, சிதம்பரம்

உங்கள் டார்ச்சில் ஏழெட்டுச் சிறு விளக்குகள் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனி நிழல் விழவைக்கும். ஒற்றை விளக்கு உள்ளது வேண்டும். கைப்பேசியின் டார்ச் இதற்கு நன்று (அதற்கு மட்டும்). மெழுகுவத்தி வேண்டாம், மழைக்கு மூடிய அறையில் திரைச்சீலையும் பக்கத்திலேயே இருக்கும்.

கதைப் புத்தகம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. எங்கள் ஊரில் நூலகம் இருக்கிறதா என்று தெரியவில்லை.
– வாசகர், சீர்காழி

இந்திய நூலக இயலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892இல் பிறந்த ஊரிலிருந்து இப்படி ஒரு கடிதம்! அவர் பாடுபட்டுத்தான் 1948இல் அன்றைய சென்னை மாகாணத்துக்கு நூலகச் சட்டம் வந்தது. உங்கள் வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். பணம் கட்டிவிட்டு இடம் தெரியாமல் இருக்கிறீர்கள். மழை விட்ட ஒரு மாலையில் பிள்ளைகளோடு போய் உறுப்பினராகுங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. அடுத்த வருடம் புரட்டாசியிலேயே புத்தகங்களை எடுத்து வைத்துவிடுங்கள்.

தெருவில் ஓடும் தண்ணீரில் கப்பல் விடக் கேட்கிறான். அனுப்பலாமா?
– வாசகி, திருவாரூர்

கூடாது. சாக்கடை எது, சாலை எது என்று தெரியாத தண்ணீர் அது. அறுந்த மின்கம்பி கிடந்தாலும் தெரியாது. அண்டாவில் தண்ணீர் நிரப்பிக் கூடத்தில் வையுங்கள், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். செய்தித்தாள் உடனே ஊறிவிடும். நோட்டுத்தாளில் செய்து அடியில் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்தால் வெகுநேரம் மிதக்கும். பழைய நோட்டாக நீங்களே எடுத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் கணக்கு நோட்டின் நடுத்தாளைக் கிழித்துவிட்டு நான் சொன்னதாகச் சொல்வான்.