மின்சாரக் காருக்கு எப்போது முன்பணம் கட்டலாம்?

மின்சாரக் காரை இப்போதே முன்பதிவு செய்வதா, விலை குறையும் வரையோ அடுத்த மாடல் வரும் வரையோ பொறுத்திருப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். விலையையும் மாடலையும் மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது என்பது என் உறுதியான கருத்து. இரவில் வண்டி நிற்கப் போகும் இடத்தில் தகுந்த மின் இணைப்பும், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் நல்ல எர்த்தும் அமைந்த பிறகு முன்பதிவு செய்யுங்கள். அதுவரை எவ்வளவு தள்ளுபடி தருவதாகச் சொன்னாலும் முன்பணம் கட்ட வேண்டாம். உங்கள் ஊரை நீங்கள் குறிப்பிடவில்லை. சொந்த வீடு வைத்துக்கொண்டு தினமும் வேலைக்கு ஓட்டப் போகிறவர் என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறேன்.

எங்கள் வீடு காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கிறது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன்; போக வர அறுபது கிலோமீட்டர் அளவு ஆகும். 2023 டிசம்பரில் டாடா நெக்ஸான் மின்சாரக் கார் வாங்குவதென்று வீட்டில் முடிவாகி, ஒரு விற்பனையகத்துக்குச் சென்றோம். மாதம் முடிவதற்குள் எடுத்தால் பெரிய தள்ளுபடி என்று சொல்லி, அன்றைக்கே பணம் கட்டச் சொல்லி நெருக்கினார்கள். எந்த மாதம் தயாரான வண்டி என்று கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகப் பதிவுக்குத் தரும் விற்பனைச் சான்றிதழான படிவம் 21-இல் உற்பத்தி மாதத்தையும் ஆண்டையும் எழுதியாக வேண்டும் என்பதை நான் எடுத்துச் சொன்ன பிறகே, அது இருப்பில் நின்ற வண்டி என்று ஒப்புக்கொண்டார்கள். டிசம்பரில் எடுக்கும் வண்டிக்கு ஜனவரி பிறந்ததும் ஓராண்டு வயது கூடிவிடும். விற்கும்போது அந்த ஆண்டைத்தான் எல்லோரும் கேட்பார்கள். என் மாமனாரும், "மார்கழில வண்டி எடுக்க வேண்டாம் அம்மிணி, தை பொறக்கட்டும்" என்றார். அவர் சொன்ன காரணம் வேறு, என் காரணம் வேறு என்றாலும் இருவரும் ஒரே முடிவுக்கு வந்தோம்.

அந்த இடைவெளியில்தான் வீட்டு மின் இணைப்பைச் சோதித்தோம். வயர்மேன் அண்ணன் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே குண்டு பல்பை வைத்தபோது பளிச்சென்று எரிந்தது. அதே பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தபோது உள்ளே இழை மட்டும் லேசாகச் சிவந்தது; எர்த் சரியில்லை என்று அர்த்தம். எங்கள் பக்கம் சரளை மண், மழையும் குறைவு. வீடு கட்டியபோது போட்ட எர்த் குழி அடியோடு வறண்டு போயிருந்தது. எர்த் சரியில்லாத பிளக்கில் காரின் சார்ஜர் பழுது விளக்கைக் காட்டி நின்றுவிடும் என்பதை வண்டி வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் பலர். ஆள் உயரத்துக்குப் புதுக்குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவதற்கு வாய் விட்டு மூடினோம். ஒருமுனை இணைப்பை மும்முனையாக மாற்றவும், மின்பளுவைக் கூட்டவும் விண்ணப்பித்தோம். 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டுமானால் அது தேவை. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கிலும் சார்ஜ் ஏறும் என்றாலும், எங்கள் வண்டியின் 40.5 யூனிட் (கிலோவாட் மணி) பேட்டரி காலியிலிருந்து நிறைய பதினைந்து மணி நேரம் வரை ஆகிவிடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. "தோட்டத்து மோட்டாருக்கு இலவச மின்சாரம் இருக்கிறதே, அதில் போட்டுக்கொள்ளலாமே" என்று படித்தவர்களே என்னிடம் சொன்னார்கள். அது சட்டப்படி தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். மின் கட்டணத்தை எதிர்த்துப் போராடி, 1970-இல் பெருமாநல்லூரில் உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த மண் இது. அத்தனை போராட்டத்துக்குப் பின் பாசனத்துக்கென்று கிடைத்த மின்சாரத்தைக் காருக்கு இழுப்பதை என்னால் ஏற்க முடியாது. வீட்டு இணைப்பில் சார்ஜ் செய்தால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டி, மேல்தட்டுக் கட்டணம் வந்துவிடும் என்பது உண்மைதான். எங்களுக்கும் அப்படித்தான் வருகிறது. அந்தக் கட்டணத்திலும் ஓட்டச் செலவு பெட்ரோலில் ஆகும் செலவில் கால் பங்கைத் தொடுவதில்லை.

இணைப்பு மாறி வந்தபின் முன்பதிவு செய்தோம். 2024 பிப்ரவரியில் டாடா நிறுவனம், பேட்டரி செல்களின் விலை இறங்கியதைக் காரணம் காட்டி, நெக்ஸான் மின்சாரக் காரின் விலையை 1.20 லட்சம் ரூபாய் வரை குறைத்தது. குறைந்த விலையிலேயே எங்களுக்கு வண்டி வந்தது. "அதிர்ஷ்டத்தில் கிடைத்ததை அறிவுரையாகச் சொல்கிறாயா" என்று யாரேனும் கேட்கலாம். விலை இறங்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியாது, அதற்காக நான் காத்திருக்கவும் இல்லை. வண்டியை ஒப்படைக்கும் நாளின் விலையே செல்லும் என்று முன்பதிவுப் படிவங்களில் பொதுவாக இருக்கும் விதி, விலை ஏறும்போதும் அதே போலப் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

அரசுச் சலுகைகளிலும் நீங்கள் முன்பணம் கட்டிய நாளுக்கு மதிப்பில்லை. மின்சார வாகனக் கடன் வட்டியில் 1.5 லட்சம் ரூபாய் வரை வருமான வரிக் கழிவு தந்த 80இஇபி பிரிவு, 2023 மார்ச் 31-க்குள் அனுமதிக்கப்பட்ட கடன்களோடு முடிந்தது. என் கொழுந்தனார் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே முன்பதிவு செய்திருந்தும், கடன் அனுமதி ஏப்ரலில் வந்ததால் அந்தக் கழிவை இழந்தார். தமிழ்நாட்டின் சாலை வரி விலக்கைப் பொறுத்தவரை, வண்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவாகும் நாளில் நடப்பிலிருக்கும் ஆணையைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே காலக்கெடு நெருங்குகிறது என்று யாராவது அவசரப்படுத்தினால், எந்த நாளுக்குள் வண்டி பதிவாகும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்த மாடல் எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். நாங்கள் வாங்கிய அதே ஆண்டு செப்டம்பரிலேயே 45 யூனிட் பேட்டரியோடு நெக்ஸான் வந்தது. தினம் அறுபது கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை. 465 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்ட எங்கள் வண்டி, கோடையில் ஏசி போட்டு ஓட்டினால் முந்நூறை ஒட்டித்தான் தரும், அதுவே எனக்கு நாலைந்து நாளுக்குப் போதும். வாரந்தோறும் கோவையிலிருந்து சென்னை போய் வருகிறவரானால் உங்கள் கணக்கு வேறு. பெரிய பேட்டரிக்குக் காத்திருப்பதில் பொருள் உண்டு.

ஒருவேளை நீங்கள் வாடகை வீட்டிலோ அடுக்குமாடியிலோ இருந்தால், உங்கள் நிறுத்துமிடத்துக்கு வயர் இழுத்துத் தனி மீட்டர் வைக்க வீட்டு உரிமையாளரிடமோ சங்கத்திடமோ எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு விற்பனையகத்துக்குப் போகலாம். உற்பத்தி மாதத்தை முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.