கட்டி மறைந்த பிறகும் மலக்குடல் அறுவை சிகிச்சை தேவையா?

கேள்வி: உசிலம்பட்டி அருகே மல்லிகை பயிரிடும் என் தந்தைக்கு வயது 61. ஆசனவாயிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் மலக்குடல் புற்றுநோய் இருந்தது. மதுரையில் 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, பிறகு நான்கு மாதம் கீமோவும் கொடுத்தார்கள். இப்போது ஸ்கோப்பில் (குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்ததில்) கட்டி இல்லை. சதை எடுத்துப் பரிசோதித்ததிலும் புற்றுநோய் இல்லை என்று வந்துள்ளது. ஆனாலும் அறுவை செய்ய வேண்டும், மலம் வெளியேற வயிற்றில் நிரந்தரமாகப் பை வைக்க வேண்டியிருக்கும் என்கிறார் மருத்துவர். இல்லாத கட்டிக்கு எதற்குக் கத்தி என்று உறவினர்கள் கேட்கிறார்கள். தந்தையிடம் மூலக்கட்டி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: உங்கள் மருத்துவர் சொல்வதில் தவறில்லை. கதிர்வீச்சுக்குப் பிறகு அறுவை என்பதே இந்த நோய்க்கு நெடுங்காலமாக இருந்துவரும் முறை. கட்டி முழுமையாக மறைந்தவர்களை அறுவை செய்யாமல் நெருக்கமாகக் கண்காணித்து வரலாம் என்று பிரேசிலின் சாவோ பாலோ நகர அறுவை மருத்துவர் ஆஞ்செலிட்டா ஹாபர்-காமா 2004-இல் தம் நோயாளிகளின் விவரங்களோடு எழுதியபோது பலர் ஏற்கத் தயங்கினார்கள். இன்று அது, தேர்ந்த மருத்துவக் குழு இருக்கும் இடங்களில், ஏற்கப்பட்ட ஒரு வழி. ஆகவே உங்கள் முன் உண்மையாகவே இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஆனால் உறவினர்கள் சொல்லும் காரணம் இரண்டாவது பாதைக்குப் போதாது.

முதலில் அந்தச் சதைப் பரிசோதனை. கதிர்வீச்சில் கட்டி சுருங்கும்போது குடலின் உட்பரப்பு ஆறிவிட, அதற்குக் கீழே தசை அடுக்கில் புற்றணுக்கள் சிதறித் தங்கியிருக்கக்கூடும். மேலே கிள்ளி எடுத்த துணுக்கில் அவை அகப்படாது. எனவே, சதையில் ஒன்றுமில்லை என்ற தாளை வைத்துக்கொண்டு நோய் முழுதும் போய்விட்டது என்று முடிவு செய்ய முடியாது. மூன்று சோதனைகள் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். மருத்துவர் விரலால் தொட்டுப் பார்க்கையில் குடற்சுவர் வழவழப்பாக, எந்தத் தடிப்பும் இல்லாமல் இருக்க வேண்டும். ஸ்கோப்பில் புண்ணோ மேடோ இன்றி, வெளிறிய தட்டையான தழும்பும் அதன்மேல் நூல்போன்ற சிவந்த ரத்த நாளங்களும் மட்டுமே தெரிய வேண்டும். இடுப்புக்கான எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி இருந்த இடம் வடுவாக மாறியிருக்க வேண்டும். சுற்றியுள்ள நெறிக்கட்டிகளிலும் சந்தேகம் இருக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் ஸ்கோப் முடிவு மட்டுமே இருக்கிறது. மற்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஏறக்குறைய மறைந்துவிட்டது என்ற நிலை என்றால், அன்றே அறுவைக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை; ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம், ஏனெனில் கதிர்வீச்சின் வேலை அதன்பிறகும் தொடர்கிறது. மாறாக, புண் அப்படியே இருந்தாலோ விரலில் கெட்டியாகத் தட்டுப்பட்டாலோ நான் அறுவையைத்தான் சொல்வேன்.

கண்காணிப்புப் பாதையில் எவ்வளவு ஆபத்து? கட்டி மறைந்து அறுவை செய்யாமல் விடப்பட்ட 880 பேரின் விவரங்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டி 2018-இல் வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் சுமார் நான்கில் ஒருவருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்ப வளர்ந்தது. அப்படி வளர்ந்தவற்றில் 97 சதவீதம் குடற்சுவரிலேயே, அதாவது விரலுக்கும் ஸ்கோப்புக்கும் எட்டும் இடத்திலேயே இருந்தது. நேரத்தில் பிடித்தால் பெரும்பாலோருக்கு அப்போது அறுவை செய்துவிட முடிகிறது. 8 சதவீதம் பேருக்கு நோய் வேறு உறுப்புகளில் தெரிந்தது. இவை ஒழுங்காகக் கண்காணிக்கப்பட்டவர்களின் கணக்கு. பாதியில் நின்றுவிட்டவர்களுக்கு இது பொருந்தாது.

அறுவைக்கும் விலை உண்டு. இவ்வளவு தாழ்வான கட்டிக்குப் பெரும்பாலும் ஆசனவாயையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும்; அதனால்தான் நிரந்தரப் பை. சிறுநீர் கழிப்பதிலும் தாம்பத்தியத்திலும் பாதிப்பு வரலாம் என்பதைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆசனவாயைக் காப்பாற்றிக் குடலை இணைத்தாலும், அடிக்கடி மலம் கழிக்கும் உணர்வும் அடக்க முடியாத அவசரமும் நீடிக்கக்கூடும். விடியுமுன் தோட்டத்தில் குனிந்து பூப்பறிக்கும் ஒருவருக்கு, சரியாகப் பொருத்திய பையைவிட இது கூடுதல் தொல்லையாகவும் இருக்கலாம். பையோடு விவசாய வேலைக்குத் திரும்பியவர்கள் நம் பக்கத்திலேயே உண்டு.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். தந்தைக்கு இது மூலக்கட்டி என்றே தெரியும் என்கிறீர்கள். பயந்துவிடுவார் என்ற அன்பில் மறைத்திருக்கிறீர்கள். நம் வீடுகளில் இது வழக்கம்தான். ஆனால் மூலம் ஆறிவிட்டது என்று நம்பும் ஒரு மனிதர், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத நாளில், உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பேருந்தேறி வந்து ஆசனவாய் வழியே சோதனை செய்துகொள்ள எதற்காகச் சம்மதிப்பார்? இரண்டாம் முறையே "எனக்குத்தான் சரியாகிவிட்டதே" என்பார். நோயை அறியாதவரிடம் இந்தக் கண்காணிப்பு நடக்காது. அறுவைதான் என்றாலும், விழித்தெழுந்து வயிற்றில் பையைப் பார்க்கும்போதா அவருக்குத் தெரிய வேண்டும்? அவர் விருப்பம் என்ன என்று கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. மருத்துவர் முன்னிலையில் பக்குவமாகச் சொல்லுங்கள். முடிவு அவருடையது.

அவர் கண்காணிப்பைத் தேர்ந்தால், முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை விரல் சோதனை, ஸ்கோப், சி.இ.ஏ. என்னும் புற்றுநோய்க் குறியீட்டுக்கான ரத்தப் பரிசோதனை, அதன்பின் ஐந்தாம் ஆண்டு முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எம்.ஆர்.ஐ. குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நுரையீரல், கல்லீரலுக்கான சி.டி. மருத்துவர் சொல்லும் இடைவெளியில். இவற்றில் எதற்கெல்லாம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லும், எதற்குக் கைக்காசு என்று இப்போதே விசாரித்துவிடுங்கள். கட்டி திரும்பினால் அறுவைக்கு இசைவீர்களா என்பதையும் அவரிடம் இன்றே கேட்டுவிடுங்கள். இல்லை என்பாரானால் இந்தப் பாதையின் பாதுகாப்பே போய்விடுகிறது.

ரத்தப்போக்கு தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். திரும்ப வளரும் கட்டி, அறிகுறி காட்டுமுன் சோதனையில்தான் அகப்பட வேண்டும். சோதனைத் தேதி சித்திரைத் திருவிழா நாட்களில் விழுந்தால் ஒரு வாரம் முன்னதாக மாற்றிக் கேளுங்கள், பின்னால் தள்ளாதீர்கள்.