அணித்தலைவர் என்ற கட்டத்தில் யாருடைய பெயர்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். ஒயிட்ஃபீல்டில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆடுபுலி ஆட்டத்தை அடிப்படையாக வைத்து ஒரு மொபைல் கேம் செய்து, தேசிய அளவிலான கேம் வடிவமைப்புப் போட்டி ஒன்றுக்கு அணியாக அனுப்ப இருக்கிறோம். நிரலை நான் எழுதுகிறேன். ஓவியங்களை என் சித்தப்பா மகள் வரைகிறாள்; அவளுக்கு 17 வயது, இரண்டாம் பி.யு.சி. படிக்கிறாள். கதையும் இசையும் நண்பர் ஒருவருடையவை. கண்காட்சி ஒன்றில் அறிமுகமான ஒருவர், "பதிப்புரிமையைப் பதிவு செய்யாவிட்டால் உங்கள் ஐடியாவைத் திருடிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த வக்கீல் மூலம் முடித்துத் தருகிறேன், 18,000 ரூபாய் ஆகும். அணித்தலைவராக என் பெயரைப் போடுங்கள், பரிசில் 30 சதவீதம் கொடுங்கள்" என்கிறார். முன்பணமாக 5,000 ரூபாயை யு.பி.ஐ.யில் அனுப்பிவிட்டோம். அவர் சொல்வது சரியா? எங்களுக்குள் உரிமையை எப்படிப் பிரித்துக்கொள்வது?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நபரின் பெயரை அணித்தலைவர் கட்டத்தில் எழுதாதீர்கள். மற்றவற்றை நிதானமாகப் படிக்கலாம்.

அணித்தலைவர் என்பதைப் பலரும் ஒரு மரியாதைப் பதவியாக நினைத்துப் பெரியவர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். போட்டி விதிமுறைகளுக்குச் சம்மதம் என்று டிக் செய்பவர் அவர்தான். "இது எங்கள் சொந்தப் படைப்பு" என்று உறுதிமொழி தருபவரும் அவர்தான். படிவத்தில் பெரும்பாலும் அவருடைய பான் எண்ணும் வங்கிக் கணக்கும்தான் கேட்கப்படுகின்றன; அதனால் பரிசுத் தொகை ஏறுவதும் வரிப் பிடித்தம் பதிவாவதும் அவர் பெயரில்தான். நாளைக்கு ஒரு ஸ்டுடியோ உங்கள் கேமைப் பார்த்துப் பேச விரும்பினால் அமைப்பாளர்கள் எடுத்துக் கொடுப்பதும் அவருடைய தொலைபேசி எண்ணைத்தான். ஒரு வரி நிரலோ ஒரு கோடு ஓவியமோ போடாத ஒருவரிடம் இத்தனையையும் ஒப்படைத்துவிட்டு, பிறகு என் போன்றவர்களிடம் ஓடிவருகிற இளைஞர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. வழிகாட்டி வேண்டுமென்றால் படிவத்தில் வழிகாட்டிக்கென்று தனிக் கட்டம் இருக்கும், அதில் எழுதிக்கொள்ளலாம். அந்தக் கட்டம் இல்லையென்றால் அவர் பெயர் படிவத்தில் தேவையே இல்லை.

அடுத்து, "பதிவு செய்யாவிட்டால் திருடிவிடுவார்கள்" என்ற பயமுறுத்தல். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பு உருவான கணத்திலேயே அதை உருவாக்கியவருக்கு உரிமை வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. பதிவுச் சான்றிதழ் பின்னால் வழக்கு வந்தால் முதல்நிலைச் சான்றாக உதவும், அவ்வளவுதான். அதற்கான அரசுக் கட்டணம் நிரல், ஓவியம் போன்றவற்றுக்குப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய். பொருள்களின் மீது பயன்படுத்தக்கூடிய ஓவியம் என்றால் 2,000 ரூபாய். நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நிரலைப் பதிவு செய்ய அதன் முதல் 10 பக்கங்களையும் கடைசி 10 பக்கங்களையும் எதையும் மறைக்காமல் இணைக்க வேண்டும். விண்ணப்பத்துக்குப் பதிப்புரிமை அலுவலகம் தரும் டைரி எண் கிடைத்த பிறகு, யாராவது ஆட்சேபணை சொல்வதற்காக 30 நாள் காத்திருப்பு. அதற்குப் பின் பரிசோதகரின் மேசையில் விண்ணப்பம் எத்தனை மாதம் தூங்கும் என்பதற்கு யாரிடமும் பதில் கிடையாது. ஒரு சாதாரண விண்ணப்பத்தை இத்தனை காலம் இழுத்தடிக்கும் இந்த நடைமுறைதான் 500 ரூபாய் வேலைக்கு 18,000 கேட்கிறவர்களை வாழவைக்கிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பார் இல்லை. எப்படியும் உங்கள் போட்டியின் கடைசித் தேதிக்குள் சான்றிதழ் கைக்கு வரப்போவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கறிஞர் ஒருவர் தன் கட்சிக்காரருக்குக் கிடைக்கும் பலனில் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. "வக்கீல் மூலம் முடித்துத் தருகிறேன், பரிசில் 30 சதவீதம்" என்று யாராவது சேர்த்துச் சொன்னால், அந்த வக்கீலின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஐடியா திருட்டு விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம் தரக்கூடிய ஓர் உண்மை உண்டு. வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. அது வடிவம் பெற்ற விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள் கொண்ட கட்டம், ஆட்டைத் தாண்டி வெட்டும் புலி, புலியை மடக்கும் ஆடு என்பதெல்லாம் ஊருக்கே சொந்தமானவை. கன்னடத்திலும் இதே ஆட்டம் ஆடு ஹுலி ஆட்டா என்ற பெயரில் ஆடப்படுகிறது. அதே போட்டியில் இன்னொரு அணி ஆடுபுலி கேமோடு வந்தால் அவர்களை நீங்கள் தடுக்க முடியாது, எந்தப் பதிவும் தடுக்காது. ஆனால் உங்கள் தங்கை வரைந்த புலியின் முகத்தையோ, நீங்கள் எழுதிய நிரலையோ, நண்பரின் இசையையோ எடுத்துப் பயன்படுத்தினால் அது மீறல்.

அந்த மூன்றையும் நீங்கள்தான் செய்தீர்கள் என்று காட்டும் ஆதாரத்தை இப்போதே சேர்த்து வையுங்கள். நிரலின் மாற்றங்களைத் தேதியோடு குறித்துவைக்கும் கிட் (Git) என்ற மென்பொருள் மூலம் நாள்தோறும் சேமித்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தானாகப் பதிவாகிறது. ஓவியங்களை, லேயர்களை (அடுக்குகளை) ஒன்றாக இணைத்துவிடாத மூலக் கோப்புகளாகவே தங்கை வைத்திருக்கட்டும். இன்று பல போட்டிகள் ஏ.ஐ. படங்களைப் பற்றித் தனியாகக் கேட்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் 2022-ல் டிஜிட்டல் ஓவியப் பரிசு வென்ற, மிட்ஜர்னி என்ற ஏ.ஐ. கருவியில் உருவான ஒரு படத்துக்கு, 2023-ல் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு மறுத்தது. கையால் வரைந்தவர் அதை நிரூபிக்க வேண்டிய காலமாகிவிட்டதால் மூலக் கோப்புதான் உங்கள் தங்கையின் சாட்சி. படைப்பை உறையில் போட்டு ஒட்டித் தன் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொள்ளும் பழைய யோசனையையும் யாராவது சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், திறந்த உறையைக்கூட அனுப்பிவிட்டுப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்பது நீதிமன்றத்துக்குத் தெரியும்.

இப்போது உங்களுக்குள் உள்ள உரிமைக்கு வருகிறேன். எதையும் எழுதிக்கொள்ளாவிட்டால் நிலைமை இதுதான்: நிரல் உங்களுக்கு, ஓவியம் தங்கைக்கு, கதையும் இசையும் நண்பருக்குச் சொந்தம். முழு கேம் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. மனக்கசப்பு வந்து ஒருவர் விலகினால் மற்ற இருவரும் அவருடைய பகுதியைத் தொட முடியாது, கேம் அப்படியே முடங்கிவிடும். பரிசு கிடைக்காத அணிகளைவிடப் பரிசு கிடைத்த அணிகளில்தான் இந்தச் சண்டை அதிகம் வருகிறது.

ஆகவே படிவத்தைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு தாளில் தமிழிலேயே எழுதுங்கள். "நிரல் முழுவதும் இன்னார் எழுதியது, ஓவியங்கள் இன்னாருடையவை, கதையும் இசையும் இன்னாருடையவை. இந்தப் போட்டிக்கு அனுப்ப மூவரும் சம்மதிக்கிறோம். பரிசு கிடைத்தால் வரி போக மீதியைச் சமமாக மூன்றாகப் பிரித்து, தொகை கணக்கில் ஏறிய 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும். யாராவது பாதியில் விலகினால், அதுவரை அவர் செய்த பகுதியை இந்தப் போட்டிக்கு மட்டும் மற்றவர்கள் பயன்படுத்தலாம், அவர் பெயர் நீக்கப்படாது. போட்டிக்குப் பிறகு விற்பதோ வெளியிடுவதோ மூவரின் எழுத்துபூர்வச் சம்மதத்தோடுதான்." இவ்வளவு போதும். தேதி போட்டு மூவரும் கையெழுத்திடுங்கள். இ-ஸ்டாம்ப் தாளில் எழுதினால் நல்லது. வெள்ளைத் தாளில் எழுதினாலும் எழுதாமல் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

தங்கைக்கு 18 வயது நிறையவில்லை. மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903 முதல் மாறாத சட்டம். எனவே உங்கள் சித்தப்பாவோ சித்தியோ அவளுக்காகக் கையெழுத்திடட்டும், 18 நிறைந்ததும் அவள் மறுபடி கையெழுத்திடட்டும். போட்டியின் வயது வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது: உங்கள் வேலை. படைத்தவருக்கே முதல் உரிமை என்ற பொதுவிதிக்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு, பணியின்போது ஊழியர் உருவாக்கும் படைப்பு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது முதலாளிக்குச் சொந்தம். "பணியின்போது" என்பதுதான் இங்கே முக்கியம். கணக்கு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், இரவில் தன் வீட்டில் தன் சொந்தக் கணினியில் ஆடுபுலி கேம் எழுதினால், சட்டத்தின் அந்தப் பிரிவு மட்டும் அதை நிறுவனத்துக்குக் கொடுத்துவிடாது. அதே கேமை அலுவலக லேப்டாப்பில், அலுவலக வை-ஃபையில், நிறுவனம் காசு கட்டி வாங்கிய யூனிட்டி (கேம் உருவாக்கும் மென்பொருள்) உரிமத்தில் எழுதியிருந்தால் நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு நீங்களே வாதத்தை எழுதிக் கொடுத்ததாக ஆகும். நிறுவனமே கேம் துறையில் இருந்தால் இன்னும் சிக்கல். ஆனால் பெங்களூரு மென்பொருள் ஊழியர்களுக்குச் சட்டத்தைவிடப் பெரிய பிரச்சினை பணி நியமனக் கடிதம்தான். சேர்ந்த அன்று யாரும் படிக்காமல் கையெழுத்திடும் அந்தக் கடிதத்தின் பின்பக்கங்களில், "பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் அனைத்துப் படைப்புகளும்" என்று தொடங்கும் ஒரு பத்தி இருக்கும். அதில் "வேலை நேரத்தில்" என்றோ "நிறுவனத்தின் தொழில் தொடர்பான" என்றோ வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். வரம்பு இருந்தால் பயம் குறைவு. வரம்பே இல்லாமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் பத்தியாக இருந்தால், போட்டிப் படிவத்தில் "இது எங்களுக்கே சொந்தம்" என்று நீங்கள் தரும் உறுதிமொழியே கேள்விக்குள்ளாகிவிடும். வேறு வேலை செய்யக் கூடாது என்ற தனி நிபந்தனையும் இருக்கலாம். தன் தொழில் போட்டியாளர்களான நிறுவனங்களுக்கும் வேலை செய்தார்கள் என்று 2022-ல் ஒரு பெரிய நிறுவனம் சுமார் 300 பேரை வெளியேற்றியது நினைவிருக்கும். பரிசுப் போட்டி அந்த வகையில் வராது என்றே நான் வாதிடுவேன். ஆனாலும் உங்கள் மனிதவளப் பிரிவுக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: சொந்த நேரத்தில், சொந்தக் கருவியில், நிறுவனத்தின் தொழிலுக்குத் தொடர்பில்லாத ஒரு கேமைப் போட்டிக்கு அனுப்புகிறேன், ஆட்சேபணை இல்லை என்று உறுதிப்படுத்துங்கள் என்று. வாய்மொழியாக "பரவாயில்லை" என்று மேலாளர் சொன்னதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அவர் அடுத்த மாதமே வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார். பதில் வரும்வரை உங்கள் பங்கைப் போட்டிக்கு அனுப்ப வேண்டாம். நண்பரும் எங்காவது வேலையில் இருந்தால் இதே சோதனை அவருக்கும் உண்டு.

போட்டி விதிமுறைகளில் ஒரே ஒரு பத்தியையாவது கட்டாயம் படியுங்கள்: உரிமை பற்றிய பத்தி. வென்ற படைப்பைக் காட்சிப்படுத்தவும் விளம்பரப்படுத்தவும் அனுமதி கேட்டால் அது நியாயம். "அனுப்பப்படும் அனைத்துப் படைப்புகளின் அனைத்து உரிமைகளும் அமைப்பாளர்களுக்கு" என்றிருந்தால், தோற்றவர்களின் உழைப்பையும் சேர்த்து வாரிக்கொள்கிறார்கள் என்று பொருள். நுழைவுக் கட்டணமும் வாங்கிக்கொண்டு இதையும் கேட்கிற போட்டிகளைத் திரும்பிப் பார்க்காதீர்கள். பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்றும், காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று அவர்கள் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். டிக் செய்தது கையெழுத்தாகுமா என்று பிறகு நீதிமன்றத்தில் வாதாடலாம்தான், ஆனால் அந்தச் செலவு பரிசுத் தொகையை விழுங்கிவிடும். பொது நிகழ்ச்சிகளுக்கான விதிமுறைகளைக்கூட வழக்கறிஞருக்கே தலை சுற்றும் ஆங்கிலத்தில் வெளியிட்டுவிட்டு, பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் சம்மதம் கேட்பது எந்த ஊர் நியாயமோ.

பரிசுத் தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் அமைப்பாளர்கள் வழக்கமாக 30 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அந்தப் பிடித்தம் யாருடைய பான் எண்ணில் ஏறுகிறது என்பதைப் பார்த்து, உங்கள் மூவரில் ஒருவரையே அணித்தலைவராக வையுங்கள். மைனரை வைக்க முடியாது என்பதால் நீங்களோ நண்பரோதான். பங்கு பிரித்த வங்கிப் பரிமாற்றங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

கொடுத்துவிட்ட 5,000 ரூபாய்க்கு வருகிறேன். அந்த நபருக்கு வாட்ஸ்அப்பில் அல்லாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். பதிவு விண்ணப்பம் அனுப்பியிருந்தால் அதன் டைரி எண்ணையும் கட்டண ரசீதையும் 7 நாளுக்குள் அனுப்பும்படியும், அனுப்பவில்லையென்றால் பணத்தைத் திருப்பித் தரும்படியும் கேளுங்கள். விண்ணப்பம் போயிருந்தால் அதில் படைப்பாளி, உரிமையாளர் என்ற இரண்டு இடங்களிலும் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவருடைய பெயர் இருந்தால் அந்த 30 நாளுக்குள் பதிப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபணை கொடுத்துவிட வேண்டும். பதிலே வராவிட்டால் யு.பி.ஐ. பரிமாற்ற எண்ணோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகப் புகார் பதியலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். மீதி 13,000 ரூபாயை அவர் எந்தக் காரணம் சொல்லிக் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.