திருட்டு ரத்தத்தில் ஓடுகிறதா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். புறநகரில் அடுக்கக வீடு. எதிரே சில வருடங்களுக்கு முன் குடிசைமாற்று வாரியக் குடியிருப்பு வந்தது. பைக் திருட்டு, செயின் பறிப்பு என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் செய்தி. ‘அதெல்லாம் அவங்க ரத்தத்துலயே இருக்கு’ என்று ஒருவர் எழுத, நானும் கட்டைவிரலைப் போட்டேன். சமூகவியல் படிக்கும் என் மகன் சண்டைக்கு வந்துவிட்டான். வறுமைதான் காரணம் என்கிறான். நானும் ரேஷன் அரிசியில் வளர்ந்தவன்தான், திருடப் போகவில்லையே? தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கிலும் குற்றம் கூடிக்கொண்டுதானே போகிறது? அவனிடம் பேச எனக்கு ஒரு புத்தகமும் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குழுவில் அவர் எழுதியது ஒருகாலத்தில் சட்டமாகவே இருந்தது. சில சமூகங்களை மொத்தமாகவே குற்றவாளிகளாகப் பதிந்துவைக்க 1871ல் வெள்ளையர் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தச்சன் மகன் தச்சன் ஆவதைப்போல திருடன் மகன் திருடன் ஆவான் என்பதுதான் அதன் அஸ்திவாரம். மதுரை மாவட்டத்து உசிலம்பட்டிப் பக்கம் இதை ரேகைச் சட்டம் என்பார்கள். கைரேகை பதிந்தவன் ராத்திரியானால் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக சீட்டு வாங்க வேண்டும். புது மாப்பிள்ளைக்கும் விலக்கில்லை என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947ல் போனது. ரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் வக்கீல்களாகவும், ஏன், போலீஸாகவும் இருக்கிறார்கள். இரண்டு தலைமுறையில் ரத்தம் மாறியிருக்க வழியில்லை.

இதையே கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் சிகாகோவின் சமூகவியலாளர்கள் கிளிஃபோர்ட் ஷாவும் ஹென்றி மெக்கேயும். சிறார் நீதிமன்றத்துக்கு வந்த ஒவ்வொரு பையனின் வீட்டையும் நகர வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்தார்கள். 1900களின் தொடக்கத்துக்கு ஒரு படம், 1917லிருந்து 1923 வரைக்கு ஒன்று, 1927லிருந்து 1933 வரைக்கு ஒன்று. மூன்றிலும் புள்ளிகள் ஒரே இடத்தில் மொய்த்தன: நகர மையத்தை ஒட்டி, தொழிற்சாலைக்கும் ரயில் யார்டுக்கும் நடுவே, வாடகை மலிவான பழைய வீடுகள். ஆனால் அங்கே குடியிருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும், பிறகு போலந்துக்காரரும் இத்தாலியரும். ஒவ்வொரு கூட்டத்தையும் அந்தந்தக் காலத்தில் ஊர் ‘பிறவித் திருடர்கள்’ என்றுதான் சொன்னது. அவர்கள் நாலு காசு பார்த்து வெளியே குடிபோனதும் அவர்கள் பிள்ளைகள் கோர்ட்டுக்கு வருவது குறைந்தது. காலியான வீட்டுக்கு அடுத்து வந்தவன் தலையில் அந்தப் பட்டம் ஏறியது.

வறுமை மட்டுமே காரணம் என்று உங்கள் மகன் சொல்லியிருந்தால், அவரும் பாதிதான் படித்திருக்கிறார். அமெரிக்காவில் 1960களில் எல்லார் கையிலும் பணம் புழங்கியபோதுதான் திருட்டு எகிறியது. கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1979ல் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: பெண்களும் வேலைக்குப் போனதால் பகலில் வீடு பூட்டிக் கிடந்தது, தூக்கிக்கொண்டு ஓடும் அளவுக்கு டிவி கனம் குறைந்துவிட்டது. நீங்கள் ஏன் திருடவில்லை என்ற கேள்விக்கு இந்தக் கோட்பாடுகளில் பதில் கிடைக்காது. அவை ஒரு பகுதியின் விகிதத்தைப் பற்றிப் பேசுபவை, ஆளைப் பற்றி அல்ல. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் சின்ன வயதில் பள்ளிக்கு மட்டம் போட்டுத் திரிந்திருந்தால் தெருவில் யாராவது காதைத் திருகியிருப்பார்கள், இல்லையா? சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனும் சகாக்களும் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளில் விசாரித்து 1997ல் எழுதியது ஏறக்குறைய இதைத்தான். ஒரே அளவு ஏழ்மை உள்ள இடங்களிலும், அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்பி, தெருப் பிள்ளைகளைத் தட்டிக்கேட்கும் இடத்தில் வன்முறை குறைவு.

நாம் செய்வதோ நேர் எதிர். கூவம் கரையில் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்களைப் பெயர்த்து, குலுக்கலில் ஆளுக்கொரு பிளாக்கில் போட்டுவிடுகிறோம். அப்படிக் குடியேற்றப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரில் வேலைக்கு மனுப் போடும்போது வேறு முகவரி எழுதுகிறவர்கள் உண்டு. உங்கள் எதிர்க் குடியிருப்பில் திருடர்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கலாம். அவர்களிடம் முதலில் பறிகொடுப்பதும் அதே பிளாக்கில் இருப்பவர்கள்தான், அவர்களுக்கு வாட்ஸ்அப் குழு இல்லை.

இனி கணக்கு. ஸ்டேஷனில் புகார் கொடுத்தவர்களுக்குத் தெரியும், எஃப்ஐஆருக்குப் பதில் சிஎஸ்ஆர் என்ற, மனு வாங்கியதற்கான வெறும் ரசீதைக் கிழித்துக் கொடுத்து அனுப்புவது எவ்வளவு சகஜம் என்று. அந்தப் புகார் வருடாந்திர அறிக்கைக்கு வந்து சேராது. புகாரை ஒழுங்காகப் பதியும் கேரளம் குற்ற விகிதப் பட்டியலில் மேலே நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பைக் திருட்டு எண்ணிக்கையை ஓரளவு நம்பலாம், எஃப்ஐஆர் இல்லாமல் இன்சூரன்ஸ் கிடைக்காதே. கொலையை இன்னும் நம்பலாம். அது 1990களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் லட்சம் பேருக்கு 4க்கு மேல் இருந்தது, 2022ல் 2ஐ ஒட்டி வந்துவிட்டது. ஷாவும் மெக்கேயும் நம்பியதும் கோர்ட் பதிவேட்டைத்தான். பணக்காரர் வீட்டுப் பையனை அப்பா வந்து ஸ்டேஷனிலேயே கூட்டிப்போயிருந்தால் அவனுக்குப் புள்ளி இல்லை. அவர்கள் வேலையில் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

புத்தகம் கேட்டீர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாண்டின் ‘ஒயிட் காலர் கிரைம்’, அதாவது மேல்தட்டு உத்தியோகத்தில் இருப்பவர்கள் தொழிலில் செய்யும் குற்றங்களைப் பற்றியது. வங்கியில் இருந்தவர் என்பதால் உங்களுக்கு நிச்சயம் ருசிக்கும். அமெரிக்காவின் 70 பெரிய கம்பெனிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு எதிராக வந்த 980 தீர்ப்புகளையும் உத்தரவுகளையும் எண்ணியிருக்கிறார். ஒரு கம்பெனிகூடத் தப்பவில்லை. 1949ல் வந்த பதிப்பை வாங்கிவிடாதீர்கள், அவதூறு வழக்குக்குப் பயந்து கம்பெனிப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். முழுசாக வந்தது 1983ல். உங்கள் மகனின் கல்லூரி நூலகத்தில் இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள்.