சீட்டை எடுத்து டைட்டன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 33 வயது. சேலத்தில் தனியார் நிறுவனத்தில் வேலை, கையில் வரும் சம்பளம் 62,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 22,000 வாங்குகிறார். அப்பா, அம்மா எங்களுடன் இருக்கிறார்கள். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் வாடகை வீடு, வாடகை 13,000. வீட்டுச் செலவு 45,000 வரை போகும். 3 லட்ச ரூபாய் ஏலச் சீட்டு ஒன்றில் மாதம் 15,000 கட்டுகிறேன். 20 மாதச் சீட்டில் 8 மாதம் முடிந்துவிட்டது. வங்கியில் 90,000 இருக்கிறது. மகளை வரும் ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க 55,000 கட்ட வேண்டும்.

நான் பல வருடங்களாக 'வார்ஹேமர் 40,000' என்ற, சிறு படை மாதிரிகளை மேசையில் வைத்து ஆடும் போர் விளையாட்டை ஆடுகிறேன். ஏற்காட்டில் நண்பர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேர் கூடுவோம். பிரிட்டனின் ஃபோர்ஜ் வேர்ல்ட் விற்கும், ரெசினில் (கடினமான பிசின்) வார்த்த 'வார்ஹவுண்ட் டைட்டன்' என்ற பெரிய போர் இயந்திர மாதிரியை வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. உடல் தனி, ஆயுதங்கள் தனி. எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய்க்குள் வருகிறது. அடுத்த மாதம் சீட்டைத் தள்ளி எடுத்து வாங்கிவிடலாமா? விலை வருடா வருடம் ஏறுவதால் இதுவும் ஒரு முதலீடுதான் என்கிறார் நண்பர். அப்பா செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். 'அந்தக் காசுக்கு வெள்ளி வாங்கிப் போடு' என்கிறார். லண்டனில் இருக்கும் அத்தை மகன் டிசம்பரில் வருகிறார், அவரிடம் சொல்லி வாங்கலாமா என்றும் யோசனை.

பதில்: வாங்குங்கள். ஆனால் அடுத்த மாதம் வேண்டாம், சீட்டுப் பணத்தில் வேண்டவே வேண்டாம்.

முதலில் விலை. நீங்கள் எழுதியிருக்கும் 50,000 என்பது தயாரிப்பாளர் இருக்கும் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பெட்டி கிளம்பும்போது உள்ள விலை, சேலத்தில் கைக்கு வரும் விலை அல்ல. சுங்கவரியைப் பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள். அதன் மேல் இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி. (ஐ.ஜி.எஸ்.டி.) வேறு. கூரியருக்கு 4,000 என்று வைத்தால் 54,000. வரிகள் எல்லாம் சேர்ந்து 45% என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்வோம், அது 24,300. வெளிநாட்டுப் பணத்தில் கார்டைத் தேய்த்தால் பல வங்கிகள் 3.5% வரை எடுக்கும், அந்தக் கட்டணத்துக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு. அதில் 2,200 போகும். பிரைமர், பெயிண்ட், சூப்பர் குளூ, பித்தளைக் கம்பி, காந்தம், நல்ல முகக்கவசம் என்று ஒரு 6,000. கூட்டிப் பாருங்கள், 86,000-ஐத் தாண்டிவிடும்.

வரி விகிதத்தை நான் ஒரு அனுமானமாகத்தான் வைத்திருக்கிறேன். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் இது மாறுகிறது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-க்குப் போனது, 2023-இல் 70 ஆனது. உங்கள் பெட்டியைத் தனிநபர் உபயோகப் பொருள் என்று பார்ப்பார்களா, பொம்மை என்று பார்ப்பார்களா என்பதும் முக்கியம். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதால், அந்த வகையில் சேர்த்துவிட்டால் வரியோடு தாமதமும் வரும். ஆர்டர் போடுவதற்கு முன்பே கூரியர் நிறுவனத்திடம் எழுத்தில் ஒரு மதிப்பீடு கேட்டு வாங்குங்கள்.

அத்தை மகன் கொண்டுவருவது நல்ல வழிதான். வெளிநாட்டிலிருந்து வருபவர் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய பொருளின் மதிப்புக்கு வரம்பு உண்டு. 2016-ஆம் ஆண்டு விதிகளில் அது 50,000 ரூபாயாக இருந்தது. அவர் விமானம் ஏறும் நாளில் எந்த வரம்பு அமலில் இருக்கிறது என்று சுங்கத்துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய வரம்பை இன்னொருவருடையதோடு சேர்த்துக்கொள்ள முடியாது. வீட்டுக்கு அவர் வாங்கிவரும் மற்ற சாமான்களும் அதே கணக்கில்தான் வரும். வரம்பைத் தாண்டினால், வரி கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் (ரெட் சேனல்) போய்ச் சொல்லிக் கட்டிவிட வேண்டும். உங்கள் பொருளுக்காக அவர் விமான நிலையத்தில் பதில் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது. இன்னொன்று, அங்கே கடை விலையில் 20% வாட் வரி அடங்கியிருக்கும். ஊர் திரும்பும்போது அதைத் திருப்பி வாங்கும் வசதி பிரிட்டனில் 2021 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆக இந்த வழியில் 20,000 வரை மிச்சமாகலாம், ஆனால் இந்த டிசம்பருக்குள் உங்களிடம் பணம் சேராது. அவர் அடுத்த முறை வரும்போது கேளுங்கள்.

இப்போது சீட்டுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது இதுதான்.

3 லட்ச ரூபாய்ச் சீட்டை ஒன்பதாம் மாதத்தில் 60,000 தள்ளி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் 2,40,000 வரும். கடைசி மாதம் வரை பொறுத்திருந்தால், நடத்துபவரின் கமிஷன் 5% போக 2,85,000 கிடைக்கும். வித்தியாசம் 45,000. எப்போது எடுத்தாலும் கட்ட வேண்டிய மாதத் தவணை ஒன்றுதான். டைட்டனுக்கு 86,000 போக மீதி 1,54,000-ஐ வைப்புநிதியில் போட்டால் சீட்டு முடிவதற்குள் 9,000 ரூபாய்ச் சொச்சம் வட்டி வரும். அதைக் கழித்தாலும் 36,000 போனது போனதுதான். அதாவது உங்கள் டைட்டனின் விலை 1,22,000. 86,000 ரூபாய்த் தேவைக்கு 3 லட்ச ரூபாய்ச் சீட்டை உடைப்பதால் வரும் வினை இது. தவிர, எடுத்த சீட்டுக்கு ஜாமீன் கேட்பார்கள். உங்கள் ஆசைக்காக இன்னொரு அலுவலக நண்பர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

சீட்டு என்பது சேலத்தில் கல்யாணம், மருத்துவம், பட்டறைக்குச் சரக்கு என்று அவசரத்துக்கு எடுக்கும் பணம். தள்ளிக் கொடுப்பது அந்த அவசரத்துக்கான விலை. இங்கே அவசரம் எதுவும் இல்லையே. (உங்கள் சீட்டு 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று நீங்கள் எழுதவில்லை. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள்.)

ஜூன் மாதம் பள்ளிக்கு 55,000 கட்டியதும் உங்கள் வங்கியில் மிஞ்சுவது 35,000. ஐந்து பேர் உள்ள வீடு, வயதான பெற்றோர் இருவர், மாதச் செலவு வாடகையோடு 58,000. மூன்று வாரத்துக்குக்கூட அந்தப் பணம் தாங்காது. ஆறு மாதச் செலவு என்றால் 3,48,000 இருக்க வேண்டும். கடைசியில் வரும் சீட்டுப் பணம் 2,85,000 அந்தக் குழியைப் பெருமளவு நிரப்பிவிடும். அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது, அதனால்தான் அதைத் தொட வேண்டாம் என்கிறேன்.

டெர்ம் இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை. அலுவலகக் குழுக் காப்பீடு மட்டும் போதாது, வேலை மாறினால் அதுவும் போய்விடும். ஒரு கோடிக்கு எடுத்துவிடுங்கள். உங்கள் வயதில் புகைப்பழக்கம் இல்லையென்றால் மாதம் ஆயிரத்துச் சொச்சம்தான் ஆகும், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. டைட்டனுக்கு முன்னால் செய்ய வேண்டியது இது.

சரி, பணம் எங்கிருந்து? நீங்கள் கொடுத்த கணக்குப்படி மாதம் 11,000 மிஞ்ச வேண்டும். எழுதாத செலவுகள் இருக்கும், 8,000 மிஞ்சும் என்றே வைக்கிறேன். காப்பீடு போக, கொஞ்சம் கையிருப்பும் விட்டு, மாதம் 5,500-ஐ ஒரு தொடர் வைப்பில் போடுங்கள். சீட்டு முடியும் 12-ஆவது மாதத்தில் 66,000 சேர்ந்திருக்கும். அதன் பிறகு விடுபடும் 15,000-இல் 5,000-ஐ அடுத்த வருடப் பள்ளிக் கட்டணத்துக்கு ஒதுக்கிவிட்டு மீதியை இதில் சேர்த்தால், 14-ஆவது மாதத்தில் 97,000. வரி கூடினாலும் தாங்கும். இடையில் மருத்துவச் செலவு ஏதும் வந்தால் இந்தப் பணம் அதற்குப் போகும், டைட்டன் தள்ளிப் போகும். இதை இப்போதே மனைவியிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சம்பளமும் சேர்ந்துதான் இந்த வீடு நடக்கிறது.

முதலீடு என்று சொல்லும் நண்பரின் பேச்சை நம்ப வேண்டாம். இந்த விளையாட்டைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்ஷாப் விலையை ஏற்றுவது உண்மை. தயாரிப்பு நின்றுபோன சில ரெசின் கிட்டுகளுக்குப் பெட்டி பிரிக்காத நிலையில் நல்ல விலை கிடைப்பதும் உண்மை. ஆனால் நீங்கள் பிரிக்கப் போகிறீர்கள், ஒட்டப் போகிறீர்கள், பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள். அந்த நிமிடமே அது உங்களுடைய பொருள் ஆகிவிடுகிறது. அதை நம் ஊரில் வாங்க ஆள் தேடுவது கடினம், வெளியூருக்கு அனுப்பினால் உடையும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரெசினில் மட்டும் கிடைத்த ஸ்பார்ட்டன் என்ற டாங்கி மாதிரி 2022-இல் பிளாஸ்டிக்கிலேயே வந்துவிட்டது. அதுவரை ரெசினை மறுவிற்பனை நம்பி வாங்கி வைத்தவர்களுக்கு அது நல்ல செய்தியாக இருந்திருக்காது.

அப்பா சொல்வது சரிதான், ஆனால் அவர் பதில் சொல்வது வேறு கேள்விக்கு. கொலுசு விற்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் போனாலும் வெள்ளிக்கு எடை போட்டுக் காசு தருவார்கள். ரெசினுக்கு எடை போட யாரும் இல்லை. சேமிப்பு என்று கேட்டால் வெள்ளிதான். நீங்கள் கேட்பது சேமிப்பு அல்ல, பல மாதங்கள் உட்கார்ந்து செய்யும் ஒரு வேலையின் சந்தோஷம். வருடம் முழுக்க உழைக்கும் ஒரு மனிதர் அதற்கென்று தனியாகச் சேர்த்த பணத்தைச் செலவழிப்பதில் தப்பே இல்லை. அதை முதலீடு என்று பெயர் மாற்றிக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

நேரத்தையும் யோசியுங்கள். அலமாரியில் பிரிக்காத பெட்டிகள் இருந்தால், காத்திருக்கும் இந்த 14 மாதத்தில் அவற்றை முடியுங்கள். முடிக்க முடியவில்லை என்றால் டைட்டனுக்கும் நேரம் இருக்காது என்று அர்த்தம். ஆட்டத்தில் இதை எத்தனை தடவை இறக்குவீர்கள் என்பதும் ஒரு கேள்வி. படைகளைப் புள்ளிக் கணக்கில் சேர்த்து ஆடும் வழக்கமான 2,000 புள்ளி ஆட்டத்தில் பெரும்பங்கை இது ஒன்றே விழுங்கிவிடும், எதிரில் ஆடுபவருக்கும் அது பிடிக்க வேண்டும். ஏற்காட்டு நண்பர்களிடம் கேளுங்கள். வருடத்துக்கு இரண்டு பெரிய ஆட்டம் என்றால்கூட, காட்சிக்கு வைக்கும் பொருளாகவே நினைத்து முடிவெடுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ரீகாஸ்ட் பக்கம் போக வேண்டாம். அது அடுத்தவர் உழைப்பின் திருட்டுப் பிரதி. பாகம் குறைந்தாலும் கோணினாலும் கேட்க நாதி கிடையாது.

கருவிகளில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். கனமான கை, கால்களை ஒட்டுவதற்கு முன் சிறு துளை போட்டுப் பித்தளைக் கம்பி சொருக வேண்டும். பிளாஸ்டிக் கிட்டுக்கான பசை ரெசினில் பிடிக்காது. துளை போடும் கருவி, சன்ன அரம், இடுக்கி எல்லாம் அப்பாவின் பட்டறைப் பெட்டியிலேயே இருக்கும். அவர் கை உங்கள் கையைவிட நிதானமாகவும் இருக்கும், கூட உட்காரச் சொல்லுங்கள். அச்சில் ஒட்டாமல் இருக்கப் பூசிய பொருள் பாகங்கள் மேல் இருக்கும், சோப்புத் தண்ணீரில் கழுவாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது, ஈரமாக வைத்து அரம் போடுங்கள், மகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் காருக்குள்ளோ மொட்டைமாடித் தகர அறையிலோ வைத்தால் மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். ஆயுதக் கைகளைக் காந்தம் வைத்துக் கழற்றும்படி செய்தால், ஏற்காடு போகும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி முழுசாகப் போய்ச் சேரும்.

பெட்டி வந்த அன்றே பிரிப்பதை வீடியோ எடுங்கள். பாகங்களைக் குறிப்புத்தாளோடு சரிபார்த்து, குறையோ காற்றுக் குமிழியோ இருந்தால் படத்தோடு உடனே எழுதுங்கள். அத்தை மகன் மூலம் வாங்கினால் ரசீதை அவர் பெயரில் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். மாற்றுப் பாகம் கேட்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.