ஒரே லேப்டாப்தான் இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ் மாதிரி ஓர் இயங்குதளத்தின் பீட்டா பதிப்பை, அதாவது வெளியீட்டுக்கு முன்னால் வரும் சோதனைப் பதிப்பை, போட்டுப் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் லேப்டாப்பின் டிஸ்கில் கை வைக்காதீர்கள். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் பண்ணி ஓட்டுங்கள்.

பாளையங்கோட்டையில் டிடிபி, ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் சர்வீஸ் மூன்றும் சேர்ந்த கடை வைத்திருக்கிறேன். பின்னால் கிடக்கிற பழைய மெஷினில் ஏதாவது ஒரு சோதனைப் பதிப்பு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். புது மெனு, புது வால்பேப்பர் பார்க்க அல்ல. அதெல்லாம் யூடியூபிலேயே கிடைக்கும். தமிழ் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கத்தான். நம்மைப் போன்றவர்கள் பீட்டா போடுவதற்கு உருப்படியான காரணம் அது ஒன்றுதான் என்பேன். வைஃபை வேலை செய்யவில்லை என்றால் உலகம் முழுக்க ஆயிரம் பேர் சொல்லிவிடுவார்கள். கொம்பு இடம் மாறி நின்றால் நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒரு லினக்ஸ் சோதனைப் பதிப்பில், பத்திரம் எழுதுகிற அண்ணாச்சி ஒருவருடைய வரைவை டைப் பண்ணி பிடிஎஃப் எடுத்தேன். ஸ்கிரீனில் லட்சணமாக இருந்த ‘கொக்கிரகுளம்’ பிரிண்டில் கொம்பு தனி, கால் தனி, நடுவில் ஒரு புள்ளி வட்டம். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு, “தம்பி, கொம்பு தனியா நிக்கி பாரு. இத ஆபீஸ்ல கொண்டு நீட்டுனா சிரிக்க மாட்டாவளா?” என்றார். அவருக்கு வேறு மெஷினில் எடுத்துக் கொடுத்துவிட்டு, அதே சொல்லை நோட்டோ, லோகித் என்ற இரண்டு ஃபான்டுகளிலும் அடித்துப் பார்த்தேன். ஒன்றில் உடைகிறது, மற்றதில் இல்லை. பிழை அறிக்கையில் எழுத வேண்டியது இந்த மாதிரி விவரம்தான்: எந்தச் சொல், எந்த ஃபான்ட், ஸ்கிரீனிலா பிடிஎஃபிலா, எந்தப் பதிப்பு, கூடவே ஒரு படம். ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சோதித்துப் பாருங்கள். ‘ஸ்ரீவைகுண்டம்’ என்று இரண்டு கீபோர்டுகளில் அடித்துத் தேடுங்கள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற உலகப் பொது முறையான யூனிகோடின் 4.1 பதிப்பு 2005இல் வந்தபோது ஶ என்கிற எழுத்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ‘ஸ்ரீ’யை ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம், பல ஃபான்டுகளில் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். தேடும்போது ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. ஃபைல் காணாமல் போய்விட்டது என்று கடைக்கு வருகிறவர்களில் சிலருக்கு விஷயம் இவ்வளவுதான்.

ஆபத்து உண்டா என்றால், உண்டு. 2024 மார்ச் கடைசியில் எக்ஸ்இஸட் என்ற, ஃபைல்களைச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் (திருட்டுத்தனமாக உள்ளே நுழைய ஒரு வழி) வைத்திருந்தது வெளியே வந்தது. டெபியன், ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகளின் சோதனைக் கிளைகள் வரைக்கும் அது போய்விட்டது. நிலையான வெளியீடுகளுக்குப் போகவில்லை. இந்தப் பின்வாசலால் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 24.04 பீட்டாவையே ஏப்ரல் 4இலிருந்து 11க்குத் தள்ளி வைத்தார்கள். பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். டெபியனின் ‘அன்ஸ்டேபிள்’ கிளையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், எஸ்எஸ்ஹெச் (வேறு கம்ப்யூட்டருக்குள் தூரத்திலிருந்து நுழையும் வழி) லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியிருக்கிறார். அரை விநாடி! நம்மில் பலர் நெட் ஸ்லோ என்று விட்டிருப்போம். சோதனைப் பதிப்பில் பேங்க் லாகின் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

விண்டோஸின் சோதனைத் திட்டமான இன்சைடர் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மிக ஆரம்பக் கட்டப் பதிப்புகள் வரும் சேனல்களில் ஏறிவிட்டால் சாதாரணப் பதிப்புக்கு இறங்க, பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத்தான் போட வேண்டும். ஒரே லேப்டாப் வைத்திருப்பவருக்கு அது சரிப்படாது.

பென்டிரைவ் 16 ஜிபி போதும். பென்டிரைவை பூட் ஆக வைக்கிற வென்டாய் என்ற மென்பொருளைப் போட்டுவிட்டால், டவுன்லோடு பண்ணின ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே காப்பி பண்ணிப் போடலாம். பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பைத் தொடுவதற்கு முன், விண்டோஸ் டிஸ்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். விண்டோஸ் அதைக் கேட்டால் அந்த நேரத்தில் தேட முடியாது. இன்ஸ்டால் பண்ணாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டுகிற லைவ் முறையில் செய்ததெல்லாம் ஷட்டவுன் பண்ணினால் போய்விடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் வெளி எஸ்எஸ்டியில் இன்ஸ்டால் பண்ணலாம். ஆனால் பூட்லோடரை (இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் சிறு புரோகிராம்) எந்த டிஸ்கில் எழுதப் போகிறது என்று பார்த்துவிட்டு நெக்ஸ்ட் அமுக்குங்கள். சில இன்ஸ்டாலர்கள் உள் டிஸ்கில் போய் எழுதிவிடும். பிறகு எஸ்எஸ்டியைக் கழற்றினால் விண்டோஸுக்குப் போக பூட் மெனுவில் மல்லுக்கட்ட வேண்டிவரும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளில் அப்டேட் ஆரம்பிக்காதீர்கள், எஸ்எம்எஸ், பேப்பர் இரண்டிலும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், உபுண்டு பீட்டா. ஏப்ரல், அக்டோபர் வெளியீடுகளுக்குச் சில வாரம் முன்னால் வரும். எஸ்எஸ்டியில் போட்டு அப்டேட் வாங்கிக்கொண்டே இருந்தால் வெளியீட்டு நாளில் அதுவே இறுதிப் பதிப்பாகிவிடும், மறுபடி இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்லை.