மரபைப் பின்பற்றுவதா, மீறுவதா: அறிவை வளர்ப்பது எது?

மீறியவர்களின் கதையில் சுவாரசியம் அதிகம், அதனால் அது நம் மனதில் தங்கிவிடுகிறது. ஆனால் மீறல் சரியா தப்பா என்று சொல்ல ஒரு கணக்கு வேண்டுமே, அதைப் பொறுமையாகப் போட்டு வைத்தவர்கள் பெரும்பாலும் மரபுவாதிகள். என் ஓட்டு அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விழும்.

ராயபுரத்தில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். விடையை மட்டும் எழுதிவிட்டு, "ராமானுஜன் மட்டும் ஸ்டெப் எழுதினாரா சார்?" என்று கேட்கிற பையன் ஒவ்வொரு பேட்சிலும் ஒருத்தனாவது இருப்பான். இந்த ஏரியாவில் அந்தப் பெயரை எடுத்துவிட்டால் எதிர்த்துப் பேச முடியாது. பக்கத்துத் துறைமுகத்தில்தான் அவர் 1912-இல் மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க்காகச் சேர்ந்தார். 1993-இல் பி.கே. சீனிவாசன் என்ற கணித ஆசிரியர் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகமும் ராயபுரத்தில்தான் இருக்கிறது.

அவர் மீறினார் என்பது உண்மைதான். கணிதத்தைத் தவிர வேறெதையும் படிக்காமல் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் இரண்டு முறை தோற்றார். அந்த மீறலில் உலகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டமெல்லாம் அவருக்கும் வீட்டுக்கும்தான். ஸ்டெப் விஷயம் வேறு. துறைமுக அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர். நடுவில் உள்ள படிகளை எழுது என்று அவரே வற்புறுத்தியிருக்கிறார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் என்று சொல்லும் சூத்திரம் தன்னிடம் இருப்பதாகவும், எண் எவ்வளவு பெரிதானாலும் பிழை சின்னதாகவே நிற்கும் என்றும் ராமானுஜன் சொன்னார். அது தப்பு. நிரூபணம் கேட்கும் பழைய வழக்கம் இருந்ததால்தான் அது பிடிபட்டது.

அப்புறம் பாகுபாட்டுக் கணக்கு. 4-ஐ எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதம். 200-க்கு? 39,72,99,90,29,388 விதம், அதாவது கிட்டத்தட்ட நான்கு லட்சம் கோடி. இதைத் தோராயமாகச் சொல்லும் சூத்திரத்தை ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் வெளியிட்டார்கள். யாரும் எதிர்பார்க்காத பாதை அது. அது சரியா என்று எப்படிப் பார்ப்பது? பீரங்கிப்படையில் மேஜராக இருந்த மக்மாஹன், பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஆய்லர் காலத்து முறையிலேயே 1 முதல் 200 வரை ஒவ்வொன்றாகக் கையால் கணக்கிட்டு அட்டவணை போட்டார். சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டினால் வரும் விடைக்கும் அவருடைய எண்ணுக்கும் இடையே 0.004 அளவுக்குத்தான் வித்தியாசம். அந்த மேஜரைப் பற்றி என் டியூஷன் பிள்ளைகள் யாரும் கேள்விப்பட்டதில்லை. பாவம், அவர் எதையும் மீறவில்லை.

மரபே எப்போதும் ஜெயிக்கும் என்றும் சொல்லமாட்டேன். யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை என்றதும், பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே நியூட்டனின் ஈர்ப்பு விதியை விடாமல் பிடித்துக்கொண்டு, வெளியே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். 1846-இல் நெப்டியூன் கிடைத்தது. புதன் கணக்குப்படி நகரவில்லை என்றதும் அதே ஆள் அதே யுக்தியில், சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே வல்கன் என்று ஒரு கோள் இருப்பதாகச் சொன்னார். பலர் தேடினார்கள், அப்படி ஒன்று இல்லவே இல்லை. அங்கே நியூட்டனைத்தான் விட வேண்டியிருந்தது. 1915-இல் ஐன்ஸ்டைன் விட்டார். எந்த இடத்தில் பிடிப்பது, எந்த இடத்தில் விடுவது என்று முன்கூட்டியே சொல்ல லெவெரியேவுக்கே வழி இருக்கவில்லை.

சரி, ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார் தெரியுமா? புதனின் பாதை நியூட்டன் கணக்கைவிட நூறு ஆண்டுக்கு 43 விகலை கூடுதலாகத் திரும்புகிறது என்ற கணக்கோடு. ஒரு பாகையில் 3600 விகலை. இத்தனை சின்ன இடைவெளியை அவருக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தவர்கள், நியூட்டன் முறையை வரி விடாமல் பின்பற்றிய வானியலாளர்கள்.